நாலாவது கேபிள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் போட்ட கட்டு நல்ல கட்டு. அதற்குள் என் சடையும் சேர்ந்து மாட்டிக்கொண்டது வேறு சமாச்சாரம். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பி, "ரெஜினாவுக்குக் கட்டுப் போடத் தெரியாது" என்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பேசித் திரிகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கட்டுப் போடத் தெரியாதவள் அதில் மாட்டியிருந்தால் ஓர் உதறு உதறிவிட்டு வெளியே வந்திருப்பாள். என்னால் வர முடியவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நான் வேலை பார்ப்பது மோட்டார்களில். வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இல்லை (அதையும் வந்து பாரேன் என்று எங்கள் தெருவில் கூப்பிடாத ஆள் இல்லை). இவை ஆள் உயரத்துக்கு நிற்பவை. கடல் தண்ணீரை இழுத்து ஆலைக்குள் தள்ளுபவை. எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனி திருவொற்றியூரில் இருக்கிறது. எண்ணூர் பக்கத்து ஆலைகளில் மோட்டார் பழுதானால் கழற்றி எடுத்து வந்து, உள்ளே செம்புக் கம்பிச் சுருளை, அதாவது வைண்டிங்கை, புதிதாகக் கட்டி, திரும்பக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுப்போம். கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கும். தரையிலிருந்து ஏறி வருகிற கேபிள்களை மோட்டாரின் பக்கவாட்டில் ஒழுங்காக வழிநடத்தி, ஒன்றாகச் சேர்த்து, அசையாதபடி கட்ட வேண்டும். அதுதான் என் வேலை.

கேட்டால், இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். எங்கள் மாமா பையன் என் முகத்துக்கு நேராகவே கேட்டான். மோட்டார் ஓடும்போது அதிரும் கண்ணா, என்றேன். கேபிள் தொளதொளவென்று கிடந்தால் இரும்பு விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். மேல் தோல் தேயும். ஒரு நாள் உள்ளே இருக்கிற செம்பு இரும்பைத் தொடும். அன்றைக்கு மோட்டாரும் போகும், பக்கத்தில் நின்றவனும் போவான். மாமா பையன் அதற்கப்புறம் கேட்கவில்லை.

எல்லாரும் இதற்கு பிளாஸ்டிக் டை போடுவார்கள். பல் பல்லாக இருக்குமே, சுற்றி ஒரு இழு இழுத்தால் இறுகிக்கொள்ளுமே, அது. சுலபம்தான். ஆனால் எண்ணூர் வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து அடிக்கிற இடத்தில் அது ஒரு கோடையைத் தாண்டினால் அதிசயம். நாங்கள் கட்டிவிட்டு வந்த டைகள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். வைண்டிங் கட்டுவதற்கென்றே மெழுகு ஏற்றிய நூல் ஒன்று உண்டு. அதை வைத்து, விரல்கடை தூரத்துக்கு ஒரு முடிச்சாக, ஒரே நூலில் தொடர்ச்சியாகக் கட்டிக்கொண்டு போனால் அசையவே அசையாது என்று எனக்குத் தெரியும். எங்கள் நைனாவுக்குக் காசிமேட்டில் போட் தொழில். வலை கிழிந்தால், வீட்டில் யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் மடியில் வந்து விழும். சும்மா உட்காருவதில் எங்கள் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி, அதனால் முடிச்சும் எனக்குத்தான் அதிகம் வரும்.

எங்கள் சூப்பர்வைசர் தனசேகர் சார் பெரம்பூர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் பழகாத எதுவும் அவருக்குத் தப்பு. ஒர்க்‌ஷாப்பில் நான் நூலால் கட்டிக் காட்டியபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா இது? மல்லிப்பூ கட்டிகினு கீற?"

"மல்லிப்பூ சாயந்தரத்துல வாடிடும் சார். இது வாடாது."

"வாய் மட்டும் கொறச்சலில்ல. பொம்பளப் புள்ள, வெயில்ல இன்னாத்துக்கு அவஸ்தப்படற? ஸ்டோருக்குப் போய்டு. ஃபேன் கீழ ஒக்காந்து கிளவுஸ் எடுத்துக் குடு."

ஸ்டோர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். அங்கே போனவர்கள் கான்ட்ராக்டிலேயே கிடந்து மட்கிப்போவார்கள். சைட்டில் வேலை செய்கிறவர்களைத்தான் கம்பெனி பர்மனென்ட் ஆக்கும். எனக்கு ஃபேன் வேண்டாம், பர்மனென்ட்தான் வேண்டும். நான் மறுக்க மறுக்க அவர் வற்புறுத்த, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்.

"எண்ணூர்ல இப்ப பூட்டப்போற மோட்டார உன் நூல்லயே கட்டு. இன்ஸ்பெக்‌ஷன்ல வாசுதேவன் சார் பாஸ் பண்ணிட்டார்னா நீ சைட்லயே இரு. பர்மனென்டுக்கு நானே உன் பேரச் சொல்றேன். பெயில் ஆச்சுன்னு வெச்சுக்கோ, மறுநாளே ஸ்டோரு. அப்பால வாயத் தொறக்கக் கூடாது."

"சரி சார்," என்றேன். வாசுதேவன் சார் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர் அந்த ஆலையின் இன்ஸ்பெக்‌ஷன் இன்ஜினியர். கண்ணால் பார்ப்பதோடு நிறுத்த மாட்டார், கையால் இழுத்துப் பார்ப்பார். என்னோடு வேலை செய்கிற சாதிக் சொன்னான், எங்களுக்கு முன்னால் வந்த கான்ட்ராக்டர் பூட்டிய கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டதாம். அதை அப்படியே அந்த கான்ட்ராக்டர் கையில் கொடுத்து, "வூட்டுக்கு எடுத்துனு போங்க" என்றாராம். சாதிக் வியாசர்பாடிக்காரன். நல்ல தோஸ்து. ஆனால் அவன் சொல்வதில் பாதியைத்தான் நம்ப வேண்டும், முக்கியமாக இந்தக் கதையை அவன் சொல்லும்போது.

இனி என் சடை. அது இடுப்புக்குக் கீழே தொங்கியது. அதை நான் வளர்க்கவில்லை, அம்மா வளர்த்தாள். தினமும் காலையில் நாஷ்டாவுக்கு முன்னால் தலையைப் பிடித்து இழுத்து, எண்ணெயைக் கவிழ்த்து, முறுக்கிப் பின்னி, நுனியில் கறுப்பு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால்தான் அவளுக்கு அன்றைய பொழுது விடியும். கோயிலில் நாலு பேர் என் சடையைத் தொட்டுப் பார்த்து "இன்னா எண்ணெய் போடுறீங்க" என்று அவளிடம் கேட்பார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

சடையைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவருக்கு வழுக்கை என்று நினைக்கிறேன். அவ்வளவு முடியை உள்ளே வைத்தால் ஹெல்மெட் பானை மேல் மூடி வைத்த மாதிரி உச்சியில் நிற்கும், குனிந்தால் உருண்டு போகும். அதனால் நான் சடையைச் சட்டைக் காலருக்குள் விட்டுக்கொள்வேன். அன்றைக்கு எண்ணூர் ஆலையின் பம்ப் ஹவுஸில், மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் உட்கார்ந்து கட்டினேன். முதுகில் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஒரே கலீஜ். எடுத்து வெளியே போட்டேன். நான் செய்தது அவ்வளவுதான், கொலைக் குற்றம் எதுவும் செய்யவில்லை.

வேலையை விளக்குகிறேன். கட்ட வேண்டியது நாலு கேபிள். மூன்று தடி, ஒன்று ஒல்லி. மோட்டார் நின்றிருக்கும்போது உள்ளே ஈரம் ஏறாமல் இருக்க ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருப்பார்கள், ஒல்லி கேபிள் அதற்குப் போவது. நாலும் கறுப்பு. ஒரு கன்னத்தை மோட்டாரோடு ஒட்டி, இரண்டு கையையும் அந்தப் பக்கம் விட்டுத்தான் கட்ட முடியும். கண்ணுக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். கரண்ட் எல்லாம் நிறுத்தி, பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள், அந்தப் பயம் இல்லை. தடவிப் பார்த்து எண்ண வேண்டும், எண்ணிக் கட்ட வேண்டும். சாதிக் அந்தப் பக்கம் நின்று நூல் விட்டுக்கொண்டிருந்தான்.

"நாலும் கையில கீதா ரெஜி?"

"கீது."

"ஒயுங்கா எண்ணு."

"எண்ணிட்டேன்டா. மூணு தடி, ஒண்ணு ஒல்லி."

பொய் சொல்லவில்லை. என் கையில் மூன்று தடியும் ஒரு ஒல்லியும் இருந்தன. ஒல்லியானது நல்ல வழுவழுப்பாக இருந்தது, புது கேபிள் என்று நினைத்துக்கொண்டேன். கீழிருந்து ஆரம்பித்து மேலே வரைக்கும் வரிசையாக முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு முடிச்சையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். இவ்வளவு அழகாக நான் எதையும் கட்டியதில்லை. நூலை அறுத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன்.

தலை வரவில்லை.

ஹெல்மெட் எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்தேன். வலது பக்கம் சாய்ந்தேன், வரவில்லை. இடது பக்கம் சாய்ந்தேன், பின்மண்டையில் சுரீரென்று இழுத்தது. ஒரு கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய்ச் சடையைத் தொட்டேன். கழுத்திலிருந்து தோளுக்கு வந்து, தோளிலிருந்து கேபிளுக்குள் போனது. கைக்கு எட்டிய வரை வெளியே வரவே இல்லை. சாதிக்கைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் பம்ப் ஹவுஸ் கதவுப் பக்கம் தனசேகர் சாரின் குரல் கேட்டது.

"வாங்க சார், வாங்க. கட்டி முடிச்சாச்சு."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் எனக்கு அறிவுரை சொல்கிறார்கள். சொல்லியிருந்தால் இன்றைக்கு ஸ்டோரில் உட்கார்ந்து கிளவுஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன். நான் மோட்டாரைப் பார்த்தபடியே, "குட் மார்னிங் சார்," என்றேன்.

"யாரும்மா அங்க? வெளிய வாங்க," என்றார் வாசுதேவன் சார்.

"இல்ல சார், இங்கேர்ந்தே வெளக்குறேன். இங்கேர்ந்துதான் நல்லாத் தெரியும்."

அவர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். சுவரில் வெளிச்சம் ஆடியது. "நெருக்கமாத்தான் கட்டியிருக்கீங்க. அவுராதா?"

"அவுராது சார்."

"பாத்துடலாம்."

அவர் இழுத்தார். கேபிள் வரவில்லை. நான் போனேன். கன்னம் மோட்டாரின் மேல் அரை அடி வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பி வந்தது. என்னையும் மீறி ஒரு சத்தம் வந்தது.

"என்னம்மா?"

"ஸ்ட்ராங்கா கீதுன்னு சொன்னேன் சார்."

"ம்," என்று இன்னொரு தடவை கீழ்ப்பக்கமாக இழுத்தார். ஹெல்மெட் மோட்டாரில் மோதி டங்கென்று மணி அடித்தது. தனசேகர் சாருக்கு ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. "இன்னாம்மா, அவரு இழுத்தா நீ ஆடற?" என்றார். நான் மோட்டாரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கட்டு நல்லாத்தான் இருக்கு," என்றார் வாசுதேவன் சார். என் உயிர் திரும்பி வந்தது. "ஆனா இந்த ஹீட்டர் கேபிள் ஏன் வெளிய தொங்குது?"

வந்த உயிர் வாசலோடு போய்விட்டது. நாலு எண்ணினேனே. ஒல்லி வெளியே தொங்கினால், உள்ளே நான் ஒல்லி என்று நினைத்துக் கட்டியது எது? எனக்குப் பதில் தெரியும். சாதிக்குக்குத் தெரியாது. அவன் எட்டிப் பார்த்தான்.

"ரெஜி," என்றான் மெதுவாக. "நாலாவது கேபிளுக்கு ரப்பர் பேண்டு போட்டுகீது."

அப்புறம் சிரிப்பு. பம்ப் ஹவுஸ் முழுக்கச் சிரித்தது. தூரத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை விட்டுவிட்டு வந்து, காரணம் கேட்டுச் சிரித்தார்கள். நல்ல வேளை, உள்ளே போன் கொண்டுபோக விட மாட்டார்கள். இல்லாவிட்டால் வீடியோ பரவி, நான் பேசின் பிரிட்ஜ் தாண்டி எந்த ஊரிலும் தலைகாட்டியிருக்க முடியாது. எனக்கு அவமானத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஒருவரையாவது திரும்பி முறைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, சுவரைத்தான் முறைத்தேன்.

சாதிக் ரப்பர் பேண்டை எடுத்துவிட்டுச் சடையை உருவிப் பார்த்தான். இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது (அதற்குத்தானே அந்த முடிச்சு). தனசேகர் சார் கட்டிங் பிளேயரோடு சந்துக்குள் வந்தார்.

"கைய எடும்மா. நூல அறுத்துட்டு டை போட்ருவோம். நாளைலேர்ந்து ஸ்டோர்ல ஒக்காரு. அங்க எவனும் உன் முடியக் கட்ட மாட்டான்."

நான் இரண்டு கையாலும் கட்டைப் பிடித்துக்கொண்டேன். "நூல் மேல கை வெக்காதீங்க சார்."

"அப்ப எப்டி வெளிய வருவ? மோட்டாரோட குடித்தனம் பண்ணப் போறியா?"

"முடிய வெட்டுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. தனசேகர் சார் பிளேயரைக் கீழே இறக்கினார். "அதெல்லாம் என்னால முடியாதும்மா. எனக்கும் பொண்ணு கீது," என்றார். இத்தனை நேரம் என்னை ஸ்டோருக்குத் துரத்தப் பிளேயரோடு நின்றவர் அவர்தான்.

"சாதிக், நீ வெட்டு."

"உங்கம்மா என்ன உசுரோட வுடுமா? ஞாயித்துக்கெழம உங்க வூட்லதான் எனக்கு மீன் கொழம்பு. அதுல மண்ணப் போடாத."

வாசுதேவன் சார் பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா, நூலை அறுத்துட்டு மறுபடி கட்டலாமே?"

"மறுபடி கட்ட என்னை வுட மாட்டாங்க சார். டை போட்டுடுவாங்க. நீங்க ரெண்டு வாட்டி இழுத்தீங்களே, வந்துச்சா?"

"வரல."

"ஒல்லி கேபிளையும் சேத்துக் கட்டிட்டா பாஸ் பண்ணுவீங்களா?"

"அதை முதல்ல கட்டுங்க, அப்புறம் பேசலாம்."

அதே நிலையில், தலை மோட்டாரோடு இருக்க, மேலே இன்னொரு வரிசை கட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு முடிச்சுக்கும் கைக்குள் என்னென்ன இருக்கிறது என்று சாதிக்கைப் பெயர் சொல்ல வைத்தேன். தடி, தடி, தடி, சடை, ஒல்லி என்று அவன் ஜபமாலை மாதிரி சொல்லிக்கொண்டே வந்தான். கட்டி முடித்ததும் கையைப் பின்னால் நீட்டி, "கட்டர் குடு," என்றேன்.

அவன் கொடுத்தது கேபிள் வெட்டுகிற கட்டர். செம்புக் கம்பியை ஒரே கடியில் துண்டாக்குவது. அம்மா ஊற்றிய எண்ணெயில் என் முடி வழுக்கி வழுக்கிப் போனது, கடித்துக் கடித்துத்தான் அறுக்க வேண்டியிருந்தது. பாதியில் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. நான் ஓவென்று அழுததாக சாதிக் சொல்லித் திரிகிறான். ஓவென்று எல்லாம் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கை சும்மா இல்லை, அவ்வளவுதான். கடைசிக் கற்றை அறுந்ததும் தலை தானாக நிமிர்ந்தது. ரொம்ப லேசாக இருந்தது.

எழுந்து வந்து எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். கன்னத்தில் மோட்டார் பெயின்ட், தோளோடு பிய்ந்து தொங்கும் அரைச் சடை. யாரும் சிரிக்கவில்லை. "இப்ப இழுங்க சார்," என்றேன்.

வாசுதேவன் சார் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கேபிள் அசையவில்லை, இந்தத் தடவை நானும் அசையவில்லை. பூட்டைத் திறந்து மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். தரை அதிர்ந்தது, கட்டு அப்படியே இருந்தது. அவர் டார்ச்சை அணைத்துவிட்டு, "பாஸ்," என்றார். வாசல் வரை போனவர் திரும்பி, "உள்ள மாட்டியிருக்கிற முடி?" என்று கேட்டார்.

"அடுத்த ஷட்டவுன்ல எடுத்துடறோம் சார்," என்றார் தனசேகர் சார்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகத் தோளைத்தான் பார்த்தாள். "எவன்டி வெட்னான்?" என்றாள். நான்தான் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை என்னிடம் பேசவில்லை. கோயிலில் ஆளாளுக்குக் கேட்டபோது, பொய்யே சொல்லாத என் அம்மா, "வேளாங்கண்ணிக்கு நேந்துகினா" என்று சொல்லிவிட்டாள். எங்கள் அத்தை விடவில்லை. "பாதி முடியத்தான் நேந்துகினாளா? மாதாகிட்டயே தவணை கட்டுறாளா?" என்றாள். அதற்கப்புறம் நான் கிராப் வெட்டிக்கொண்டேன், இன்றைக்கு வரைக்கும் கிராப்தான். யாருக்கும் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

தனசேகர் சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மறுநாளே என் பெயரைச் சொன்னார். கம்பெனிதான் அசையவில்லை. ஆலையைப் பழுதுபார்க்க நிறுத்துகிற ஷட்டவுன்கள் வந்து போயின. முடியை எடுக்க வேண்டுமானால் கட்டை அவிழ்க்க வேண்டும். நல்லா நிக்கிறதை எதுக்குத் தொடணும் என்று வாசுதேவன் சார் ஒவ்வொரு தடவையும் தடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, "பொண்ணு பர்மனென்ட் ஆய்ட்டாளா?" என்று கேட்டால் நைனா, "அவ முடி ஆய்ட்ச்சு. அவதான் இன்னும் கான்ட்ராக்ட்ல கீறா," என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

ஒரு வழியாக என்னையும் பர்மனென்ட் ஆக்கினார்கள். சேதி கேட்டதும் ஷேர் ஆட்டோவில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து, வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன். நைனா வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சந்தோசம்மா. ஆனா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ. அங்க உன் முடி உனக்கு சீனியரு. வணக்கம் வெச்சுட்டுத்தான் உள்ள போவணும்."

அடுப்படியில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அம்மா சிரிக்கிறாள். அந்தச் சடை போனதிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவள், கரண்டியோடு சுவரில் சாய்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா. "சீனியர் மொதல்ல ரிட்டயர் ஆவட்டும், அப்பால பேசிக்கலாம்," என்றேன்.

அது இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. போன வாரம்கூட அந்தப் பக்கம் வேலை இருந்தது, மோட்டாரை நிறுத்தி வைத்திருந்தார்கள். சந்துக்குள் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். வரவில்லை.